ஒரு லிட்டர் என்றால் எவ்வளவு?

கீற்றுக் கொட்டகையின் வாரையில் சொருகி வைத்திருந்த ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அந்தப் பெண் எடுத்து நீட்டியபோது எனக்கு முதலில் பெருமையாகத்தான் இருந்தது. பதினைந்து நாளைக்கு முன்னால் நாங்கள் கொடுத்துவிட்டுப் போனது. தூக்கிப் போடாமல் வைத்திருக்கிறார்களே! அப்புறம்தான் சரியாகப் பார்த்தேன். ஒரு மூலையைக் கிள்ளி, திருகி, ரப்பர் பேண்ட் போட்டிருந்தது. உள்ளே கால்வாசி மிச்சம். காற்றுப் பட்டு, ஈரம் கோத்து, கட்டியாக இறுகிக் கிடந்தது.

"குழந்தைக்கு வயித்தால போனப்ப இத எப்படிம்மா குடுத்தீங்க?"

"அரை ஸ்பூனு. பாலாடையில தண்ணி விட்டுக் கொழைச்சு. காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. மூணு நாளு குடுத்தேன்."

"ஒரு லிட்டர் தண்ணில மொத்தப் பொட்டலத்தையும் கரைக்கணும்னு சொன்னேனே?"

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். கேலி இல்லை, நிஜமான குழப்பம். "அது மருந்துதானேக்கா? மருந்த யாராவது சொம்பு சொம்பா குடிப்பாங்களா?"

எனக்குப் பதில் வரவில்லை. யோசித்துப் பார்த்தால் அவள் பக்கம்தான் நியாயம். அவள் வாழ்நாளில் பார்த்த மருந்தெல்லாம் மூடியால் அளப்பது, ஸ்பூனால் அளப்பது, அரை மாத்திரையாக உடைப்பது. டாக்டர் கொடுத்த பொடியை ஒரே தடவையில் கொட்டிக் கரைத்து, மறுநாள் மிச்சத்தைக் கீழே ஊற்று என்றால் எந்தச் சிக்கனக்காரி கேட்பாள்? ஆனால் அவள் கொடுத்தது ஆபத்தான கரைசல். அந்தப் பொடியைக் குறைந்த தண்ணீரில் குழைத்தால் உப்பு ஏறிவிடும். குடலுக்குள் போன உப்பு உடம்பிலிருந்து இன்னும் தண்ணீரை இழுக்கும். பத்து மாதக் குழந்தை. நடுவில் தாய்ப்பாலை நிறுத்தாததால் பிழைத்துக்கொண்டது. எங்கள் சாமர்த்தியம் அதில் துளியும் இல்லை.

இது எட்டு வருடத்துக்கு முந்தின கதை. திருவள்ளூர் பக்கம் ஒரு செங்கல் சூளை. திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கத்திலிருந்து முன்பணம் வாங்கிக்கொண்டு பொங்கலுக்குப் பிறகு வந்து, ஜூன் மாத வாக்கில் ஊர் திரும்பும் குடும்பங்கள். புருஷன், பெண்டாட்டி, கூடவே மாமியார், நாலைந்து பிள்ளைகள். நான் அப்போது ஒரு சின்ன தன்னார்வக் குழுவில் ஞாயிற்றுக்கிழமை ஆள். மாதம் ஒரு சூளைக்குப் போவோம். பேனர், மைக் செட், டீ, பிஸ்கட், பொட்டலம், கடைசியில் ஒரு குரூப் போட்டோ. பேனரில் பெரிதாக "சுகாதார விழிப்புணர்வு முகாம்" என்று இருக்கும்.

எனக்கு இந்த "விழிப்புணர்வு" என்கிற வார்த்தையைக் கண்டாலே இப்போது எரிச்சல் வருகிறது. எதிரில் இருப்பவர் தூங்குகிறார், நாம் போய் எழுப்பிவிடப் போகிறோம் என்கிற நினைப்பு அதிலேயே இருக்கிறது. சூளையில் கல் அறுக்கிறவர்கள் ராத்திரி ஒரு மணிக்கு எழுந்துவிடுவார்கள். வெயில் ஏறுவதற்குள் ஆயிரம் கல் சேர வேண்டும். காலை ஒன்பது, பத்து மணிக்குக் கஞ்சி குடித்துவிட்டு அப்படியே சாய்ந்தால்தான் உடம்பு தாங்கும். நாங்கள் முகாம் போட்டது எத்தனை மணிக்குத் தெரியுமா? பதினொன்று. தூங்கப் போனவர்களை எழுப்பி உட்கார வைத்து விழிப்புணர்வு கொடுத்தோம். மேஸ்திரி மிரட்டித்தான் பாதிப் பேர் வந்தார்கள் என்பதே எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் கோபத்தில், யார்மேல் என்று தெரியாத கோபத்தில், இதைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். நாங்கள் ஒரு சூளையில் கோட்டை விட்டதை ஒரு நாடே முன்னாலேயே கோட்டை விட்டு, பிறகு சுதாரித்துப் பிடித்திருக்கிறது. பங்களாதேஷ். இந்தப் பதிவே அந்தக் கதையைச் சொல்லத்தான்.

முதலில் உப்பும் சர்க்கரையும் எப்படி மருந்தாகின என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வயிற்றுப்போக்கில் குழந்தையைக் கொல்வது பெரும்பாலும் கிருமி நேரடியாக இல்லை, தண்ணீர் வற்றிப்போவதுதான். வெறும் தண்ணீரைக் கொடுத்தால் தேவையான அளவுக்கு உடம்பில் ஒட்டாது. குடல்சுவரில் ஒரு கதவு இருக்கிறது. உப்பு தனியாக வந்தால் அது சரியாகத் திறக்காது, சர்க்கரை கையைப் பிடித்துக்கொண்டு வந்தால் திறக்கும். இரண்டும் உள்ளே போனால் பின்னாலேயே தண்ணீரும் போகும். 1960-இல் ராபர்ட் கிரேன் என்கிற விஞ்ஞானி இதை முன்வைத்தார். 1968-இல் டாக்காவில் இருந்த காலரா ஆய்வுக்கூடத்தில் டேவிட் நலின், ரிச்சர்ட் கேஷ் என்ற இரண்டு இளம் டாக்டர்களும் அங்கிருந்த வங்காள டாக்டர்களும் சேர்ந்து காலரா நோயாளிகளுக்குக் குடிக்கக் கொடுத்தே காப்பாற்றலாம் என்று காட்டினார்கள். அதுவரை கையில் ஊசி குத்தி சலைன் ஏற்றுவதுதான் வழி.

ஆனால் ஆஸ்பத்திரிக்குள் நிரூபித்தது ஆஸ்பத்திரிக்குள்ளேயே நின்றது. அதை வெளியே இழுத்து வந்தது ஒரு போர். 1971-இல் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து எல்லை தாண்டி வந்த அகதிகள் மேற்கு வங்காளத்தின் பன்காவ்னில் குவிந்தபோது காலரா வெடித்தது. கல்கத்தாவிலிருந்து போன டாக்டர் திலீப் மஹலனபிஸ் பார்த்தது, வராந்தாவிலும் தரையிலும் படுத்துக் கிடந்த நோயாளிகளை. சலைன் தீர்ந்துகொண்டே வந்தது. அவர் குளுக்கோஸ், உப்பு, சமையல் சோடா மூன்றையும் பொட்டலம் போட்டு, டிரம்மில் கரைத்து, நோயாளியின் சொந்தக்காரர்கள் கையிலேயே கொடுத்துவிட்டார். அம்மாவுக்குப் பெண் ஊட்டினாள், தம்பிக்கு அண்ணன் ஊட்டினான். நூற்றுக்கு முப்பது பேர் வரை செத்துக்கொண்டிருந்த இடத்தில் சாவு நாலுக்கும் கீழே இறங்கியது. 2022-இல் அவர் காலமானார். அடுத்த வருடம் பத்ம விபூஷண் கொடுத்தோம். நாம் எதையும் லேட்டாகத்தான் செய்வோம்.

எனக்கு இதில் பிடித்தது பொட்டலம் இல்லை. ஊட்டினது நர்ஸ் இல்லை, தங்கச்சி என்பதுதான்.

அந்தப் போர் முடிந்து பிறந்த நாட்டில், 1972-இல், ஃபஸ்லே ஹசன் அபேத் என்பவர் பிராக் என்ற அமைப்பைத் தொடங்கினார். வடகிழக்கில் சுல்லா என்கிற தண்ணீர் சூழ்ந்த பகுதியில்தான் ஆரம்பம். 1979-இல் அவர்கள் ஒரு முடிவெடுத்தார்கள். பொட்டலம் தயாரித்து எல்லாக் கிராமத்துக்கும் அனுப்ப நாட்டில் வசதி இல்லை. அனுப்பினாலும் வெள்ளத்தில் எந்தப் படகில் எப்போது போய்ச் சேரும்? அதனால் பொட்டலத்தை விட்டுவிட்டு, எல்லா வீட்டிலும் இருக்கிற பொருளை வைத்து, எல்லா வீட்டிலும் இருக்கிற அளவையை வைத்துக் கற்றுக்கொடுப்பது. மூன்று விரலால் அள்ளின ஒரு சிட்டிகை உப்பு. ஒரு கைப்பிடி வெல்லம். அரை சேர் தண்ணீர், கிட்டத்தட்ட அரை லிட்டர். அளவைகள் அம்மாவின் விரலும் உள்ளங்கையும்.

டாக்டர்கள் பயந்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத பெண், மண் தரை வீடு, கை நடுங்கி உப்பைக் கூடப் போட்டுவிட்டால்? நியாயமான பயம்தான், என் சூளைப் பொட்டலமே சாட்சி. பிராக் அந்தப் பயத்தை ஒதுக்கித் தள்ளவில்லை, அதைச் சுற்றியே பாடத்தைக் கட்டியது. வீடு வீடாகப் பெண் பணியாளர்கள் போனார்கள். ஒரு வீட்டில் உட்கார்ந்து, வயிற்றுப்போக்கு பற்றி மனப்பாடமாக நிற்கக்கூடிய பத்துக் குறிப்புகளைச் சொல்வார்கள். அப்புறம் தானே செய்து காட்ட மாட்டார்கள், அந்த அம்மாவைச் செய்யச் சொல்வார்கள். அரை சேர் எது என்பதில் வீட்டுக்கு வீடு குழப்பம் வந்தது, ஒவ்வொரு வீட்டுச் சொம்பும் ஒவ்வொரு அளவு. அதனால் அந்த வீட்டுப் பாத்திரத்திலேயே அரை சேர் மட்டத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு வந்தார்கள். "ஒரு லிட்டர்" என்று நான் மைக்கில் சொன்னதற்கும் அந்தக் கோட்டுக்கும் உள்ள தூரத்தை யோசித்துப் பாருங்கள்.

இனிமேல் சொல்லப்போவதுதான் நான் இதுவரை எத்தனையோ பேரிடம் வாய் வலிக்கச் சொன்ன விஷயம். அந்தப் பணியாளருக்கு எத்தனை வீட்டுக்குப் போனாள் என்பதற்குச் சம்பளம் இல்லை. சில வாரம் கழித்து வேறொரு ஆள், மேற்பார்வையாளர், அந்தக் கிராமத்துக்கு வருவார். அவள் போன வீடுகளில் சிலவற்றைக் குத்துமதிப்பாகத் தேர்ந்தெடுத்து உள்ளே போவார். "வந்தாங்களாம்மா? என்ன சொன்னாங்க?" அம்மாவுக்கு எத்தனை குறிப்பு ஞாபகம் இருக்கிறது என்று எண்ணுவார். கரைசலைச் செய்து காட்டச் சொல்வார். அதில் கொஞ்சம் எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி உப்பு அளவைப் பார்ப்பார்கள். அந்த அம்மா எந்தத் தரத்தில் தேறினாளோ அதைப் பொறுத்துப் பாடம் நடத்தினவளுக்குப் பணம். அம்மா மறந்திருந்தால் அந்த வீட்டுக்கு ஒன்றும் கிடையாது.

இதைப் படித்த அன்று நான் எழுந்து பால்கனியில் போய் நின்றேன். எங்கள் முகாம் அறிக்கையில் நான் எழுதியிருந்தது: "112 பயனாளிகள் பங்கேற்றனர். 90 பொட்டலங்கள் விநியோகிக்கப்பட்டன." தேர்வு எழுதினது யார், மார்க் யாருக்கு என்பதே தலைகீழாக இருந்திருக்கிறது. நம் ஊரில் பாடம் புரியாவிட்டால் பெயிலாவது பிள்ளை. அங்கே வாத்தியார் பெயில்.

அதோடு எல்லாம் சுபம் என்று நினைத்துவிடாதீர்கள். ஆரம்பத்தில் ஒரு கணக்கெடுத்தார்கள். அம்மாக்களுக்குக் குறிப்புகள் ஞாபகம் இருந்தன, கரைசலும் சரியாகச் செய்தார்கள். ஆனால் குழந்தைக்கு வயிற்றால் போனபோது அதைச் செய்து கொடுத்தவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை. பரீட்சையில் பாஸ், வாழ்க்கையில் பெயில். ஏன் என்று தோண்டினால் இரண்டு விஷயம் கிடைத்தது. ஒன்று, பாடம் நடத்தின பணியாளர்களுக்கே நம்பிக்கை இல்லை. தங்களுக்கு வயிறு கெட்டால் அவர்கள் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டார்கள். உப்பும் வெல்லமும் உயிரைக் காக்கும் என்று வாய் சொன்னது, கண் சொல்லவில்லை. கேட்கிறவர்களுக்கு அது தெரியாமலா போகும்? பிறகு பணியாளர்களை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய், சுருண்டு கிடந்த நோயாளி அந்தத் தண்ணீரைக் குடித்துக் குடித்து எழுந்து உட்காருவதை நேரில் பார்க்க வைத்தார்கள். இன்னொன்று, ஆண்களிடம் யாரும் பேசவில்லை. வீட்டுக்காரன் "இது என்ன சர்பத்தா, போய் மருந்து வாங்கிட்டு வரேன்" என்றால் அங்கேயே முடிந்தது. அதனால் பள்ளிவாசலில், சந்தையில், பள்ளிக்கூடத்தில் என்று ஆண்களைத் தேடிப்போய் விளக்கினார்கள். 1980-இல் ஆரம்பித்துப் பத்து வருடத்தில் 1 கோடியே 20 லட்சத்துக்கும் மேலான வீடுகளில் உட்கார்ந்து எழுந்திருக்கிறார்கள். குழந்தைக்கு வயிற்றால் போனால் உப்புச் சர்க்கரைக் கரைசலை அதிகம் கொடுக்கிற நாடுகளில் இன்றைக்கு பங்களாதேஷ் முன்வரிசையில் இருக்கிறது. சாவு குறைந்ததற்கு இது ஒன்றே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். தடுப்பூசி, சாப்பாடு, பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனது எல்லாம் சேர்ந்ததுதான். ஆனால் இதுவும் ஒரு பெரிய பங்கு.

பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடம் என்றதும் ஒன்று. ஜான் கால்டுவெல் என்ற ஆஸ்திரேலிய மக்கள்தொகை ஆய்வாளர் (நம்ம ஒப்பிலக்கணக் கால்டுவெல் இல்லை, அவர் வேறு) 1979-இல் நைஜீரியக் கணக்குகளை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். குழந்தை பிழைப்பதற்கு வருமானத்தைவிட, அப்பாவின் வேலையைவிட, அம்மா படித்திருப்பதுதான் அதிகம் உதவுகிறது என்பது சாரம். பின்னால் கேரளா, இலங்கை, கோஸ்டா ரிகா மூன்றையும் வைத்து, காசு குறைவாக இருந்தும் எப்படி ஆயுள் கூடியது என்று ஆராய்ந்தார். அதிலும் பெண் கல்விதான் முன்னால் வந்து நின்றது. ஏன் என்பதற்கு அவர் சொல்லும் விளக்கம்தான் சுவை. பள்ளிக்கூடத்தில் கிருமியைப் பற்றிப் படித்ததால் மட்டும் இல்லை. படித்த மருமகள் மாமியாரிடம் "இல்லத்தே, குழந்தைக்கு முடியல, நான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறேன்" என்று சொல்லத் துணிகிறாள். டாக்டர் கேட்டால் நிமிர்ந்து பதில் சொல்கிறாள். பள்ளிக்கூடம் கொடுத்தது பாடத்தைவிடத் தொண்டையை.

எங்கள் சூளையில் அந்தத் தொண்டை யாரிடம் இருந்தது? மாமியாரிடம். அந்தப் பொட்டலப் பெண்ணுக்கு வயது இருபது இருக்கும். குழந்தைக்கு வயிற்றால் போக ஆரம்பித்ததும் "தண்ணி காட்டாத, இன்னும் ஊத்தும்" என்று தடுத்தது அவளுடைய மாமியார். முழு லிட்டர் வேண்டாம், பாலாடை போதும் என்பதும் அந்தக் கிழவியின் சமரசம்தான். நாங்கள் முகாமில் இளம் தாய்மார்களை முன்வரிசையில் உட்கார வைத்து, "பாட்டிங்க எல்லாம் பின்னாடி போங்க" என்றோம். பங்களாதேஷில் ஆண்களை விட்டார்கள், இங்கே நாங்கள் ஆயாக்களை விட்டோம்.

எழுத்தறிவு வேறு, அறிவு வேறு என்பதை எனக்கு அழுத்தமாகப் புரியவைத்தது ஒரு மணிச்சட்டம். மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் 1986-இலிருந்து வேலை செய்கிற அபய் பங், ராணி பங் என்ற டாக்டர் தம்பதி உருவாக்கியது. நிமோனியா வந்த குழந்தைக்கு மூச்சு வேகமாக வாங்கும். இரண்டு மாதத்துக்குக் கீழே நிமிடத்துக்கு 60, அதற்கு மேல் ஒரு வயது வரை 50 என்றால் ஆபத்து. கணக்குப் போட்டு எண்ணத் தெரியாத மருத்துவச்சி எப்படி அறுபது வரை எண்ணுவாள்? பத்து வரை எண்ணுவாள் இல்லையா, அது போதும். பத்து மூச்சுக்கு ஒரு மணியைத் தள்ளு. கூடவே ஒரு நிமிட மணல்கடிகாரம். சின்னக் குழந்தைக்கு ஒரு வரிசை, ஐந்து நீல மணி, ஆறாவது சிவப்பு. பெரிய குழந்தைக்கு இன்னொரு வரிசை, நாலு நீலம், ஐந்தாவது சிவப்பு. மணல் தீர்வதற்குள் கை சிவப்பு மணிக்குப் போய்விட்டதா, நிமோனியா. அவ்வளவுதான். ஒரு டாக்டர் படிப்பின் ஒரு பக்கத்தை அப்படியே மணியாகக் கோத்துவிட்டார்கள். அதே பகுதியில் 39 கிராமங்களில், கிராமத்துப் பெண்களே வீடு தேடிப்போய்ப் பச்சைக்குழந்தைகளைப் பார்த்துக்கொண்டதில், பிறந்த ஒரு மாதத்துக்குள் நிகழும் சாவு 62 சதவீதம் குறைந்தது என்று 1999-இல் லான்செட் இதழில் வெளியானது. நாடு முழுக்க ஆஷா பணியாளர்கள் இன்று வீடு வீடாகப் போய்ப் பிறந்த குழந்தையைப் பார்க்கிற திட்டத்துக்கு விதை அது.

அதே மகாராஷ்டிரத்தில் ஜாம்கேட். நம் வேலூர் சி.எம்.சி.யில் படித்த ரஜனிகாந்த் அரோலே, மேபெல் அரோலே தம்பதி 1970-இல் போய் உட்கார்ந்த வறண்ட தாலுகா. பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 176 ஒரு வயதைத் தாண்டாத ஊர்கள். முதலில் பயிற்சி பெற்ற நர்சுகளைக் கிராமத்தில் வைத்துப் பார்த்தார்கள், ஒட்டவில்லை. பிறகு ஊரே ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுத்து அனுப்பச் சொன்னார்கள். வந்தவர்களில் பலர் தலித் பெண்கள், கைநாட்டு. வாரா வாரம் வந்து தங்கி, கொஞ்சம் கற்று, ஊருக்குப் போய்ச் செய்து பார்த்து, அடுத்த வாரம் அதைச் சொல்லி, இன்னும் கொஞ்சம் கற்று. இப்படியே பிரசவம் வரைக்கும் வந்தார்கள். எனக்கு அதைவிட ஒன்று பிடித்திருக்கிறது. குடிதண்ணீருக்குக் குழாய்க்கிணறு போட இடம் பார்த்தபோது, அதை தலித் குடியிருப்பில் வருகிற மாதிரிப் பார்த்துக்கொண்டார்கள். மேல்தெருக்காரர்கள் தண்ணீருக்கு அங்கேதான் வந்தாக வேண்டும். சுகாதாரப் பாடம் என்று அதில் ஒரு வார்த்தையும் இல்லை.

இந்த இடத்தில் எனக்கு ஒரு சங்கடம் இருக்கிறது, மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சுகாதாரக் கல்வி என்பது சில சமயம் ஏழையைத் திட்டுவதற்கான நாகரிகமான வழி. எங்கள் சூளையில் நூறு பேருக்கு ஒரு சிமெண்ட் தொட்டி. போர் தண்ணீர் அதில் விழும். குடிக்க, குளிக்க, மண் குழைக்க எல்லாம் அதுதான். அடியில் பாசி விரல் கனத்துக்கு. கக்கூஸ் கிடையாது, சூளைக்குப் பின்னால் கருவேலங்காடு. அதன் நடுவில் நின்று நான் "சோப்புப் போட்டு இருபது விநாடி கை கழுவுங்கள்" என்று படம் காட்டியிருக்கிறேன். இருபது விநாடி கழுவ அவர்களுக்குத் தெரியாது என்றா குழந்தைக்கு வயிற்றால் போனது? தொட்டியைக் கழுவி, ப்ளீச்சிங் பவுடர் போட்டு, குடிக்கத் தனியாகக் குழாய் வைத்திருந்தால் என் படமே தேவைப்பட்டிருக்காது. அதை முதலாளியிடம் சொல்ல எங்களுக்குத் தைரியம் வந்ததும் ரொம்ப லேட். சொன்னோம். மூன்று தடவை நடந்தபிறகு தொட்டியைக் கழுவினார்கள். தனிக் குழாய் வரவில்லை.

இரண்டாம் முறை பாடம் நடத்த நாங்கள் அந்தச் சூளைக்குப் போனது சாயங்காலம் ஐந்து மணிக்கு. தூங்கி எழுந்து, அடுப்பு மூட்டி, பெண்கள் தலை வாரிக்கொண்டிருக்கும் நேரம். பேனர் இல்லை, மைக் இல்லை. நாலு பேராகப் போகாமல் இரண்டு பேர். ஆயாக்களை முதலில் உட்கார வைத்தோம். "உங்ககிட்ட ஒரு லிட்டர் அளக்க என்ன இருக்கு?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. குடம், சொம்பு, தூக்கு, பெயின்ட் டப்பா என்று ஒவ்வொன்றாக வந்தது. பிறகு ஒருத்தி சிரித்துக்கொண்டே எழுந்துபோய், ஆம்பளைகள் சரக்குக்குக் கலக்க வாங்கி வீசிவிட்டுப்போன வாட்டர் பாட்டில் ஒன்றைக் கொண்டுவந்தாள். மேலே அச்சடித்தே இருந்தது, 1 லிட்டர். ஒவ்வொரு குடிசையிலும் அது இரண்டு மூன்று கிடந்தது. எங்கள் பேனர் செலவுக்கு இந்த யோசனை வந்திருக்காது.

பாட்டிலை நன்றாகக் கழுவி, கொதிக்க வைத்து ஆறின தண்ணீரை நிரப்பி, பொட்டலத்தை முழுசாகக் கொட்டி, மூடிக் குலுக்கு. மருந்து இல்லை இது, வற்றின குழந்தைக்குத் தண்ணி என்று சொன்னோம். "மருந்து" என்ற வார்த்தையை அன்றைக்கு யாருமே உச்சரிக்கக் கூடாது என்று எங்களுக்குள் பேசி வைத்திருந்தோம். வயிற்றால் போகப்போக ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுத்துக்கொண்டே இரு, வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு மறுபடி கொடு, தாய்ப்பாலை நிறுத்தாதே, கண் குழிவிழுந்தால், ஒன்றுக்குப் போகவில்லை என்றால், மலத்தில் ரத்தம் வந்தால் ஆஸ்பத்திரிக்கு ஓடு. இவ்வளவுதான் பாடம். பொட்டலம் கிடைக்கிற இடத்தில் பொட்டலமே நல்லது. கிடைக்காத ராத்திரிக்கு மட்டும் வீட்டு உப்பு, வெல்லம். அதற்கு உலகமெங்கும் சொல்லித்தருகிற ஒரு சோதனை இருக்கிறது. கரைத்ததை நாக்கில் வைத்துப் பார், கண்ணீரைவிட உப்புக் கரித்தால் கீழே கொட்டிவிடு. கண்ணீர் என்றதும் ஆயாக்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். அந்த ருசிக்கு யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை.

மூன்று வாரம் கழித்து நாங்கள் மறுபடி போனோம், பாடம் நடத்த இல்லை, பரீட்சை வைக்க. பிராக் மாதிரியே ஏழெட்டுக் குடிசையில் நுழைந்து "செஞ்சு காட்டுங்க" என்றோம். ஐந்து பேர் சரியாகச் செய்தார்கள். ஒருத்தி பாதிப் பொட்டலத்தை மிச்சம் பிடித்தாள். பழைய பொட்டலக்காரியின் மாமியார், அந்த ஆயா, பொட்டலம் தீர்ந்துபோச்சு என்று சொல்லிவிட்டு, பாதி பாட்டில் தண்ணீரில் மூன்று விரல் உப்பும் ஒரு பிடி வெல்லமும் போட்டுக் குலுக்கி, நாக்கில் வைத்துப் பார்த்து, "சரியா இருக்கு" என்று என் கையில் ஊற்றினாள். சரியாகத்தான் இருந்தது.

நான் நோட்டில் டிக் அடித்துக்கொண்டிருந்தபோது ஆயா கேட்டாள்: "எல்லாரையும் செய்யச் சொல்றியே, நீ செய்வியா?"

சுற்றி நின்ற பொம்பளைகள் சிரித்தார்கள். ரோஷம் வந்துவிட்டது. நான் வீட்டில் எத்தனை தடவை கரைத்துப் பழகியிருக்கிறேன்! பாட்டிலை வாங்கினேன். பாதி தண்ணீர். வெல்லம். உப்புச் சட்டியில் கையை விட்டேன். அங்கேதான் சறுக்கினது. நான் பழகினது தூள் உப்பில். அவர்கள் சட்டியில் இருந்தது கல் உப்பு. மூன்று விரலில் எவ்வளவு வந்ததோ அவ்வளவையும் போட்டுக் குலுக்கி நீட்டினேன்.

ஆயா ஒரு வாய் ஊற்றிக்கொண்டு, முகத்தைச் சுளித்து, வெளியே போய்த் துப்பினாள்.

"இது கண்ணுத்தண்ணி இல்ல பாப்பா, கடல் தண்ணி. கொட்டிட்டு மறுபடி போடு."

நான் பாட்டிலை எடுத்துக்கொண்டு தொட்டியடிக்குப் போனேன்.